மைக்கு ஒரு மாடி வீடு

மைக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் நாற்பது சொல் இருக்கும். அத்தனையும் தையல் வரிசையில் நின்று கற்றவை. நூல் அறுந்துபோச்சு, ஊசி மாத்து, தையல் தப்பு, பிரி, ஜல்தி. முந்நூறு எந்திரங்கள் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கற்ற தமிழ் என்பதால் அதை மெதுவாகப் பேச அவளுக்கு வராது. நன்றி சொல்வதைக்கூட எங்கோ தீப்பிடித்துவிட்டது போலத்தான் சொல்வாள்.

முப்பத்தைந்து வயது. வியட்நாமில் செருப்பும் ஷூவும் தைக்கிற ஊர் ஒன்றில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள். திண்டிவனத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்த ஷூ கம்பெனியில் பெண்களுக்குத் தையல் பழக்குவதற்காக இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தாள். முதல் நாள் வரிசைக்கு முன்னால் நின்று, நெஞ்சைத் தொட்டு, "மை!" என்றாள். அந்த வரிசைக்கு சூப்பர்வைசராக இருந்த புனிதா, "மைன்னா? கண்ணுக்கு வெக்கிறதா?" என்று தன் கண்ணோரம் விரலை இழுத்துக் காட்டினாள். மை தலையை வேகமாக ஆட்டி, "ஃப்ளவர், ஃப்ளவர்!" என்றாள். அவர்கள் ஊரில் புத்தாண்டுக்குப் பூக்கிற மஞ்சள் பூவின் பெயராம் அது. அவள் சொல்லி முடிப்பதற்குள் 'மையக்கா' என்ற பெயர் கடைசி எந்திரம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனி அவளை விழுப்புரத்தில் ஒரு விடுதியில் தங்க வைத்திருந்தது. காலையில் ஒரு மணி நேரம் வேன், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேன். அறை சுத்தமாக இருந்தது, ஏசி ஓடியது. ஆனால் அறையில் சமைக்கக் கூடாது. விடுதிச் சமையல்காரர் சவுரிராயன் காலையில் பொங்கல் வைப்பார். மத்தியானத்துக்கு டப்பாவில் சாம்பார் சாதம் கட்டித் தருவார். ஏழு மாதம் மை அதைச் சாப்பிட்டாள். எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை, குளியலறைக்குள் ரைஸ் குக்கரை வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மீன் சாஸை ஊற்றி சூப் காய்ச்சினாள்.

வாடை மூன்று மாடிக்கும் போனது. மேனேஜர் செத்த எலியைத் தேடிக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்தார். சவுரிராயன் மட்டும் மோப்பம் பிடித்து நேராக வந்து அவள் கதவைத் தட்டினார். குக்கரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என் சாப்பாட்ல இன்னாம்மா கொறை?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அழுதுவிடுவார் போலக் கேட்டார்.

மறுநாள் காலை அவளுக்கு இரண்டு பங்கு பொங்கல் வந்தது, மேலே நெய் குளம் கட்டி நின்றது. அது தண்டனையா சமாதானமா என்று மைக்கு விளங்கவில்லை. எதுவானாலும் பொங்கல்தான். திங்கட்கிழமை வேனிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகப் புனிதாவைத் தேடிப் போனாள்.

"புனிதா! எனக்கு வீடு! ஜல்தி!"

புனிதாவுக்கு இருபத்தாறு வயது. பெருமுக்கல்லிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்கு வருபவள். அவளே இதுவரை வீடு வாடகைக்கு எடுத்ததில்லை. ஆனாலும் மையக்கா கேட்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஞாயித்துக்கெழம போலாங்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். மை தன் கைபேசியில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். அவள் தன் மொழியில் பேசினால் அது தமிழில் பேசும். குரல் ரயில் நிலைய அறிவிப்புப் போல கணீரென்று இருந்தது. மைக்கு அதில் அசாத்திய நம்பிக்கை.

முதல் வீடு செஞ்சி ரோட்டில். புது பெயின்ட் வாசனை போகாத முதல் மாடி. வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளேயும் இவர்கள் வெளியேயும் நின்று பேச்சு நடந்தது. மை வெள்ளைச் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டி, பரீட்சைக்கு வந்தவள் போல நின்றாள்.

"எல்லாம் சரிதான். நீங்க சைவந்தானே?" என்றார் அவர்.

புனிதா ஆங்கிலத்தில் ஒருவாறு விளக்கினாள். மை பளிச்சென்று சிரித்தாள். சாப்பாட்டு விஷயத்தில் தான் எந்தத் தொந்தரவும் தராதவள், எது கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்று காட்ட நினைத்தாள். கைபேசியில் நீளமாகப் பேசினாள். கைபேசி தொண்டையைச் செருமாத குறையாக அறிவித்தது.

"நான் எல்லோரையும் சாப்பிடுவேன்."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்ற மனைவியை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டார். மை மேலும் நன்றாகச் சிரித்து, உறுதிப்படுத்துவதற்காக அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள். "நான் எல்லோரையும் சாப்பிடுவேன்."

கேட் மூடிக்கொண்டது.

தெருமுனை வரை அடக்கிக்கொண்டு வந்த புனிதா அதற்குமேல் முடியாமல் வண்டியை ஓரங்கட்டினாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. அந்தக் கைபேசி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவள் சைகையில் நடித்துக் காட்ட, மை முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தே விட்டாள்.

"அக்கா, அந்த ஆப்ப மூடுங்க. அது நமக்கு ஆப்பு வெச்சிடும்" என்றாள் புனிதா.

இரண்டாவது வீடு தரகர் ஒருவர் காட்டியது. அறைகள் பெரிது. சுவர் நல்ல சுவர். குளியலறைக் கதவைத் திறந்தால் மேலே கூரை இல்லை. நீல வானம். ஒரு காக்கை சுவர்மேல் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல காத்தோட்டங்க" என்றார் தரகர்.

"மழ பேஞ்சா?" என்று புனிதா கேட்டாள்.

"மழ பேஞ்சா குளிக்கிற வேல மிச்சம்."

மை காக்கையைப் பார்த்து முழுத் தமிழில், "போ! போ!" என்று கத்தினாள். அது போகவில்லை. இவர்கள் போனார்கள்.

வெயில் ஏறிவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கெங்கம்மாள் என்றொரு பெண் தள்ளுவண்டியில் ஆவி பறக்க மல்லாட்டை அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். மை வண்டியைப் பார்த்ததும் புனிதாவின் தோளில் அடித்தாள். அவள் ஊரிலும் தெருவில் வேர்க்கடலையை இப்படித்தான் தோலோடு அவித்து விற்பார்களாம். ஒரு பொட்டலம் வாங்கி, ஓட்டைப் பிளந்து, உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கெங்கம்மாளுக்கு அந்த முகத்தைப் பார்த்தே இன்னொரு பிடி அள்ளிப் போடத் தோன்றியது.

"எங்கடி இந்த வெயில்ல இவங்கள இஸ்துக்கினு சுத்திக்கினு இருக்க?" என்று புனிதாவைக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் யோசித்தாள். "பின்னாடி தெருவுல ஹாஜிரா பீவி வீட்டு மாடி நாலு வருசமா காலியா கெடக்குது. ஆனா அந்தம்மா யாருக்கும் குடுக்காது. பேங்கு ஆபீசரையே வேணான்னுட்சி. போய்ப் பாரு, பேஜாரு புடிச்ச மனுஷி."

ஹாஜிரா பீவி கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்துக்கு வாழ வந்தவர். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் ஹமீத் தோஹாவில் வேலை பார்க்கிறான். கதவைத் திறந்தவர் மையை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார். உட்கார நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. புனிதா கம்பெனியைப் பற்றி, சம்பளச் சான்றிதழ் பற்றி, வெளிநாட்டுக்காரர் தங்கினால் பதிவு செய்ய வேண்டியதையெல்லாம் கம்பெனி ஆபீசிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்பது பற்றி மூச்சு விடாமல் பேசினாள். ஹாஜிரா பீவியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மைக்குப் பக்கத்தில் கதவுத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைத் துணி. மை அதன் கீழ் மடிப்பை எதேச்சையாகக் கையில் எடுத்தாள். கண்ணருகே கொண்டுபோனாள். பதினைந்து வருடப் பழக்கம், அவளால் அடக்க முடியவில்லை. மூன்று வீடு தள்ளிக் கேட்கிற குரலில், "தையல் தப்பு!" என்றாள்.

புனிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத நாந்தான் தைச்சேன்" என்றார் ஹாஜிரா பீவி.

மைக்கு விளங்கியது. திரையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காது வரை சிவந்துவிட்டது. ஹாஜிரா பீவி திரையின் மடிப்பைத் தானும் எடுத்துப் பார்த்தார். கோணல்தான். விட்டுவிட்டு, முதல் தடவையாக நேராக மையிடமே கேட்டார்.

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு." மைக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. தனக்குத் தெரிந்த நாற்பது சொல்லுக்குள் துழாவினாள். "ஆச்சு. அப்பறம்... பிரி."

"பிரிஞ்சிட்டீங்களா? ஏன்?"

மை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெருமூச்சோடு சொன்னாள். "தையல் தப்பு."

ஹாஜிரா பீவியின் உதடு துடித்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பயனில்லை. தோள் குலுங்கியது. "மறுபடி தைக்கலயா?" என்று கேட்டபோது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வேணாம்! வேணாம்!" என்று மை இரண்டு கையையும் வீசி அலறினாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் ஹாஜிரா பீவி கைபேசியை எடுத்தார். "எனக்குப் புடிச்சிருக்குது. ஆனா என் புள்ளய ஒரு வார்த்த கேக்கணும்."

கைபேசித் திரையில் ஹமீத் வந்தான். குளித்துவிட்டுத் துண்டோடு நின்றவன் அந்நிய முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு மறைந்து, சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். புனிதா விவரம் சொன்னாள். அவன் அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு மையைப் பார்த்து, இந்த ஊருக்கு வந்து எத்தனை மாதம், எத்தனை வீடு பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் விசாரித்தான். மை இரண்டு விரலைக் காட்டிவிட்டு, காக்கை முதல் கேட் வரை எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். ஹமீத் விழுந்து விழுந்து சிரித்தான்.

"குடுத்துடுங்க உம்மா. இங்க வந்த புதுசுல எனக்கு ஆறு வீட்ல இல்லன்னுட்டானுங்க. ரெண்டு மாசம் ஒரு ஃப்ரெண்டு ரூம்ல, கிச்சன்ல அடுப்புக்கு பக்கத்துல படுத்துக்கினு கெடந்தேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஹாஜிரா பீவியின் சிரிப்பு நின்றது.

"கம்பெனி குடுத்த வீடு, ஏசி ரூம்புன்னியே தம்பி?"

"அது... அப்பறமா குடுத்தாங்க உம்மா. இப்ப நல்லாத்தான் இருக்கேன். பாருங்க." அவன் கைபேசியைச் சுழற்றிக் கட்டிலையும் ஜன்னலையும் அவசரமாகக் காட்டினான்.

ஹாஜிரா பீவி அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். "அடுப்புக்குப் பக்கத்துல" என்று ஹாஜிரா பீவி தனக்குள் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சாவியோடு வந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன். பன்னிக் கறி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. அத மட்டும் சொல்லிடு."

புனிதா சொன்னாள். மை கண்ணை மூடி ஒரு நீண்ட நிமிடம் எதையோ நினைத்து விடைகொடுத்தாள். "சரி" என்றாள். பிறகு கவலையோடு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "மீன்?"

"மீனு இல்லாம இன்னா வீடு? நான் கடக்கரைல பொறந்தவ!" என்றார் ஹாஜிரா பீவி.

அடுத்த ஞாயிறு பால் காய்ச்சுவது என்று முடிவாயிற்று. தையல் வரிசையிலிருந்து புனிதா, வெண்ணிலா, ரோஜா என்று பதினோரு பெண்கள் ஒரு ஷேர் ஆட்டோவிலும் இரண்டு ஸ்கூட்டியிலுமாக வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம். மை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுவர்க் கடிகாரம். சுவர்க் கடிகாரம். ஒரு பிளாஸ்டிக் கூடை. சுவர்க் கடிகாரம். மூன்றும் மூன்று நேரம் காட்டின. மூன்றையும் வரிசையாக மாட்டியே தீர வேண்டும் என்று மை பிடிவாதம் பிடித்தாள்.

பால் பொங்க வேண்டும் என்பதைப் புனிதா அவளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இது யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிட்டாள். அடுக்களையில் அடுப்பு பற்றவைத்து, புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பாலை ஊற்றி எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஹாஜிரா பீவியும் படியேறி வந்து கதவோரம் நின்றார். பால் ஓரம் கட்டியது. நுரை ஏறியது. விளிம்பு வரை வந்தது. "வருது, வருது!" என்று பெண்கள் கை தட்டத் தயாரானார்கள்.

மை பார்த்தாள். பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், பால் வழியப் போகிறது, ஒருத்திகூடக் கையை நீட்டவில்லை. ரோஜாவை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அடுப்பைப் பட்டென்று அணைத்தாள். பால் பொசுக்கென்று அடங்கி உள்ளே போயிற்று.

"ஐயய்யோ!"

பன்னிரண்டு குரலும் ஒன்றாக எழுந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் காப்பாற்றிவிட்ட பெருமையோடு மை நிமிர்ந்து, எல்லோர் முகத்தையும் பார்த்து, எதையோ பெரிதாகத் தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்துகொண்டாள். புனிதா விளக்கினாள். வழியணும்க்கா. கீழ சிந்தணும். அதுதான் நல்லது.

"சிந்தணுமா?" பதினைந்து வருடம் ஒரு அங்குல நூலை வீணாக்கினால் திட்டியவள் அவள். "ஏன்?"

"அப்பிடித்தாங்க்கா" என்றாள் வெண்ணிலா.

மறுபடி பற்றவைத்தார்கள். நீலச் சுடர் இரண்டு தடவை விக்கியது, மஞ்சளாகியது, போயே போயிற்று. இரவல் வாங்கிய சின்ன சிலிண்டர் காலி. ரோஜாவுக்கு முகம் வாடிவிட்டது. "சகுனம்..." என்று ஆரம்பித்தவளை ஹாஜிரா பீவி முறைத்தார்.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேஸு தீந்துபோச்சு, அவ்ளோதான். கீழ என் சிலிண்டர் இருக்குது. ஏத்துங்க மேல."

பதினோரு பெண்கள் அந்தக் கனத்த சிலிண்டரைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள். படி குறுகல். நால்வர் தூக்க, மூவர் தள்ள, மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். மேல்படியில் நின்று மை தொழிற்சாலைக் குரலில் கட்டளையிட்டாள்: "இழு! ஜல்தி! வெண்ணிலா, கை மாத்து!" எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பாதிப் படியில் எல்லோருக்கும் சிரிப்பு வந்து, சிலிண்டரைப் படியில் நிறுத்திக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். ஹாஜிரா பீவி கீழிருந்து, "சிரிச்சா பலம் போவும்டி, தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே தானும் சிரித்தார்.

இந்த முறை புனிதா மையின் ஒரு கையையும் ரோஜா மறு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பால் ஏறியது. விளிம்பைத் தொட்டது. மை அடுப்பை அணைக்கத் திமிறினாள். "தப்பு, தப்பு, தப்பு!" என்று முனகினாள். பால் விளிம்பைத் தாண்டி, வெள்ளையாக, தாராளமாக, அடுப்பு மேலும் மேடை மேலும் வழிந்து ஓடியது. பெண்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலில் மைக்கு என்ன ஆயிற்றோ, கையை உதறி விடுவித்துக்கொண்டு அவளும் குதித்தாள். தன் மொழியில் எதையோ கத்தினாள். ஹாஜிரா பீவியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் செருப்பு ஒன்று எங்கேயோ பறந்தது.

மத்தியானம் மை சமைத்தாள். மீனும் புளியும் தக்காளியும் அன்னாசியும் போட்டு அவர்கள் ஊர்க் குழம்பு. பெண்கள் அன்னாசியைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சட்டியை வழித்து முடித்தார்கள். ஹாஜிரா பீவி ஒரு கரண்டி ருசித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "புளி பத்தல" என்றார். இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மை கதவை உள்ளிருந்து பூட்டினாள். திறந்தாள். மீண்டும் பூட்டினாள். அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நடந்தாள், கூடத்திலிருந்து அடுக்களைக்கு நடந்தாள். காரணம் ஒன்றுமில்லை, நடக்க இடம் இருந்தது. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள். குழாயைத் திருகினாள், தண்ணீர் வந்தது. அதற்கே சிரித்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள், வெறுங்காலோடு, அறைக்கு அறை, தடதடவென்று.

கீழேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. ஹாஜிரா பீவி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மை நின்றாள். காதைத் தரையில் வைத்துக் கேட்டாள். இந்த ஊரில் புதிதாகக் குடிவந்தவர்களை இப்படித்தான் விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையில் மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

கீழேயிருந்து ஹாஜிரா பீவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு மூன்று தட்டு வந்தது.